நியூட்ரலைசேஷன் டேங்க் ஒன்று போதாது: கிளீன்ரூம் அமைக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் புதிதாகக் கிளீன்ரூம் (சிப் செய்வதற்கான தூசியற்ற அறை) ஆய்வகம் அமைக்க முன்வந்திருக்கும் பொறியியல் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும் வணக்கம்.

2021 டிசம்பரில் ஒன்றிய அரசு 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்த பிறகு, வேஃபர் எனும் சிலிக்கன் வட்டைக் கையில் எடுத்துச் சிப் செய்யக் கற்றுத்தரும் ஆய்வகம் நம் வளாகத்திலும் வேண்டும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். அதற்கான கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது மாஸ்க் அலைனர், ஸ்பின் கோட்டர், ஸ்பட்டரிங் கருவி, வெட் பெஞ்ச் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக விவரக்குறிப்பு இருக்கும். கழிவுக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான்: "நியூட்ரலைசேஷன் டேங்க் – 1". அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

அமிலத்தோடு காரத்தைச் சேர்த்துக் கலக்கி, பி.ஹெச். தாள் 7 காட்டிவிட்டால் சிங்க்கில் ஊற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் எழுதப்படும் வரி அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் காஸ்டிக் சோடாவுக்கும் இது பொருந்தும், உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும். ஆனால் மைக்ரோஃபேப்ரிகேஷனில், அதாவது சிப் செய்யும் வேலையில், அன்றாடம் புழங்கும் இரண்டு முக்கியமான கழிவுகளுக்கு இது அறவே பொருந்தாது.

முதலாவது ஃபுளோரைடு. சிலிக்கன் ஆக்சைடை அரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தையோ, அதை அமோனியம் ஃபுளோரைடோடு கலந்த பி.ஓ.இ. கரைசலையோ பயன்படுத்துகிறோம். இந்தக் கழிவில் காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால் பி.ஹெச். அழகாக 7க்கு வந்துவிடும். கிடைப்பது சோடியம் ஃபுளோரைடு. அது தண்ணீரில் நன்றாகக் கரையும். கண்ணுக்கும் தெரியாது, பி.ஹெச். தாளுக்கும் தெரியாது. ஊற்றிய ஃபுளோரைடில் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாமல் அப்படியே சாக்கடைக்குப் போகிறது. நம் நாட்டின் பொதுவான கழிவுநீர் வரம்புப்படி பொதுச் சாக்கடையில் விடும் நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 15 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. ஏரி, ஆறு போன்ற உள்நாட்டு நீர்நிலைக்குப் போவதானால் 2 மி.கி.தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த பி.ஓ.இ. 100 மில்லியில் சுமார் 27 கிராம் ஃபுளோரைடு இருக்கிறது. அதை 15 மி.கி. அளவுக்குக் கொண்டுவர 1,800 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு மாணவர் ஒரு மதியத்தில் பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஒரு பீக்கரின் கணக்கு இது. தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்து வரம்புக்குள் கொண்டுவருவது சுத்திகரிப்பும் ஆகாது.

ஃபுளோரைடைப் பிடித்து வெளியே எடுக்கக் கால்சியம் வேண்டும். சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் ஃபுளோரைடு வெள்ளைச் சேறாகப் படியும். இதிலும் இரண்டு சிக்கல். பி.ஓ.இ.யில் சுண்ணாம்பைப் போட்டால் அதிலுள்ள அமோனியம் அமோனியா வாயுவாகக் கிளம்பும். ஒரு லிட்டர் பி.ஓ.இ.யைக் கட்ட அரைக் கிலோவுக்கு மேல் நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அதிலிருக்கும் அமோனியா முழுதும் வெளியேறினால் 250 லிட்டர் வாயு. புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்கு வெளியே, அறையில் பக்கெட்டை வைத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது. அடுத்தது, படிவது முழுமையாகப் படிவதில்லை. தூய நீரில் கால்சியம் ஃபுளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 16 மி.கி. கரையும், அதில் ஃபுளோரைடு மட்டும் 8 மி.கி. கால்சியத்தைக் கூடுதலாகப் போட்டால் இது இன்னும் இறங்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் நுண்துகள்கள் படியாமல் மிதப்பதால் 10 முதல் 20 மி.கி.யிலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே போகப் படிகாரம் போட்டு மறுபடி படியவைக்க வேண்டும், அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வழியாகச் செலுத்த வேண்டும். ஆக, டேங்க் வைப்பதென்றால் சுண்ணாம்பு, கலக்கி, படியவைக்கும் தொட்டி, சேறு வடிகட்டி, ஃபுளோரைடு எலெக்ட்ரோடு பொருத்திய மீட்டர் ஆகிய அத்தனையும் சேர்ந்ததுதான் டேங்க். பி.ஹெச். மீட்டர் மட்டும் உள்ள தொட்டியில் ஃபுளோரைடு கழிவை விட அனுமதிக்காதீர்கள். சிறிய ஆய்வகத்துக்கு எங்கள் யோசனை இன்னும் எளிது: ஃபுளோரைடு கழிவை எந்தக் குழாயிலும் விடாமல், முதல் கழுவுநீரையும் சேர்த்துப் பிடித்து, தனி எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) கேனில் மூடி வெளியே அனுப்புங்கள். முதல் கழுவுநீரைச் சொல்லக் காரணம் உண்டு. வேஃபரிலும் கேரியரிலும் ஒட்டிக்கொண்டு வரும் அமிலத்தின் பெரும்பங்கு அந்த முதல் முக்கலில்தான் இறங்குகிறது. ஒட்டிவந்தது 49 சதவீத அமிலம் ஒரே ஒரு மில்லி என்றாலும் 37 லிட்டர் தண்ணீர் வரம்பைத் தொட்டுவிடும்.

இரண்டாவது டி.எம்.ஏ.ஹெச். எனும் டெட்ராமெதில் அமோனியம் ஹைட்ராக்சைடு. வேஃபரில் பூசும் ஒளியுணர் பூச்சான ஃபோட்டோரெசிஸ்ட்டைக் கழுவி உருவம் எடுக்கும் டெவலப்பரில் இது 2.38 சதவீதம் இருக்கும். சிலிக்கனை அரிக்க 25 சதவீதக் கரைசல் வாங்குவார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி, லேசான மீன் வாடை. தோல் வழியாக உடம்பில் இறங்கி நரம்பு முடிச்சுகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தக்கூடியது; 25 சதவீதக் கரைசல் மேலே கொட்டி ஊழியர்கள் இறந்த நிகழ்வுகள் தைவானில் பதிவாகியுள்ளன. இதை வெறும் காரம் என்று நினைத்து அமிலம் சேர்த்து 7க்குக் கொண்டுவருகிறார்கள். காரத்தன்மை போய்விடும். நஞ்சாக வேலை செய்வது டெட்ராமெதில் அமோனியம் அயனி. அது அப்படியே இருக்கும். தனிக் கேன், தனி லேபிள். வேறு வழியில்லை.

இந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்று கட்டடப் பொறியாளர் கேட்கும்போது, மண்ணுக்குள் புதைக்கச் சொல்லாதீர்கள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஃபேர்சைல்ட் சிப் நிறுவன ஆலையின் நிலத்தடிக் கழிவுக் கரைப்பான் தொட்டி கசிந்து, அக்கம்பக்கத்துக்குக் குடிநீர் தந்த கிணற்றில் ட்ரைகுளோரோஈத்தேன் கலந்தது 1981 இறுதியில்தான் தெரியவந்தது. புதைத்த தொட்டியில் கசிவைப் பார்க்க யாராலும் முடியாது. தரைக்கு மேலே, சுற்றிலும் கசிவைப் பிடிக்கும் தொட்டி கட்டி, உள்ளே இருக்கும் பெரிய கேனின் கொள்ளளவைவிட 10 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும்படி வையுங்கள். வடிகால் குழாயும் முக்கியம். வீட்டு வேலைக்கு வாங்கும் பி.வி.சி. குழாயின் இணைப்புகளை அசிட்டோன் இளக்கிவிடும். அந்தக் குழாயை ஒட்டும் பசையே அப்படிப்பட்ட கரைப்பானில் செய்ததுதான். கரைப்பான் எதையும் குழாயில் விடக் கூடாது என்ற விதியோடு, அமிலக் குழாய்க்குப் பாலிபுரொப்பிலீன் என்று விவரக்குறிப்பில் எழுதுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சிலிக்கன் அரித்த கழிவை இதே தொட்டியில் விட்டால் இன்னொன்று நடக்கும்: கரைந்த சிலிக்கேட், அமிலம் பட்டதும் ஜெல்லியாக இறுகிக் குழாயை அடைக்கும். அடைப்பு எடுக்க வருபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி பாட்டில்கள். குழாயில் விடாமல் கேனில் பிடித்தாலே போதும் என்று நினைப்பதும் ஆபத்து. ரெசிஸ்ட்டை நீக்கப் பயன்படுத்தும் பிரானா கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று பங்கு கந்தக அமிலத்தில் ஒரு பங்கு 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை மெல்ல ஊற்றிக் கலப்பது. கலந்ததும் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். வேலை முடிந்து ஆறியபின் அது பார்க்க வெறும் தண்ணீர், மாணவர் 2.5 லிட்டர் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, வழக்கம்போல் மூடியை இறுக்கித் திருகிவிடுகிறார். 400 மில்லி பிரானாவில் 100 மில்லி பெராக்சைடு இருந்தது. முழுதும் சிதைந்தால் 11 லிட்டர் ஆக்சிஜன் தரும். மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதி இரவு முழுக்க மெல்லச் சிதைந்து 4 லிட்டர் வாயு வரும். இதையும் சேர்த்துப் பாட்டிலில் இரண்டு லிட்டர் நிறைந்திருந்தால் மேலே அரை லிட்டர் இடம்தான். அந்த இடத்தில் 4 லிட்டர் வாயு என்றால் எட்டு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கண்ணாடி பாட்டில் அதைத் தாங்காது. வெடித்தால் சிதறுவது கண்ணாடி மட்டுமல்ல, அடர் கந்தக அமிலமும்தான். முறை இது: பயன்படுத்திய பிரானாவை அதே பைரெக்ஸ் பாத்திரத்தில், ஹுட்டுக்குள், "பிரானா, சூடு, தொடாதே" என்று தேதியோடு எழுதி, திறந்தபடி ஒரு இரவு விட வேண்டும். மறுநாள் குமிழ் அடங்கியிருந்தால் அழுத்தம் வெளியேற வழியுள்ள மூடி போட்ட பாட்டிலில், முக்கால் அளவுக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும். அந்த மூடியை இறுக்கமான சாதா மூடியால் "பத்திரமாக" மாற்றிவைக்கும் நல்ல மனது உள்ளவர்கள் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. அவர்களுக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் சோடா உப்பைப் போட்டு அங்கேயே அடக்கிவிடலாமே" என்றும் கேட்பார்கள். ஒரு லிட்டர் அடர் கந்தக அமிலத்தை அடக்க 3 கிலோவுக்கு மேல் சோடா உப்பு வேண்டும். கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 900 லிட்டர். நுரை பீக்கரைத் தாண்டிப் பொங்கி வழியும். கையில் இருப்பது சில மில்லி நீர்த்த அமிலம் என்றால் சரி. அதற்கு மேல் என்றால் அனுப்பிவைப்பதே முறை.

பிரானாவைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது நைட்ரிக் அமிலமும் கரைப்பானும் ஒரே பாட்டிலில் சேருவது. ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வந்த பாட்டில் காலியானதும் "நல்ல பாட்டில், வீணாக்குவானேன்" என்று கழிவுக்கு எடுத்து வைப்பது நம் சிக்கனப் பழக்கம். அடியில் சில மில்லி ஐ.பி.ஏ. ஒட்டியிருக்கும். அதில் நைட்ரிக் கலந்த எட்சன்ட் (அரிக்கும் கரைசல்) போனால் முதலில் ஒன்றும் நடக்காது. பாட்டில் சும்மா நிற்கும். உள்ளே ஆக்சிஜனேற்றம் மெல்லத் தொடங்கி, அதன் விளைபொருளே அதை மேலும் வேகப்படுத்தி, மணிக்கணக்கில் கழித்து, பெரும்பாலும் அறையில் யாரும் இல்லாத நேரத்தில் பழுப்பு நிறப் புகையோடு வெடிக்கும். பிரானா மிச்சம் அசிட்டோன் கழிவில் விழுந்தால் இன்னும் மோசம். அசிட்டோனும் பெராக்சைடும் அமிலமும் சேர்ந்தால் உருவாகும் அசிட்டோன் பெராக்சைடு, தொட்டாலே வெடிக்கும் வகை. குரோம் எட்சன்ட்டில் இருக்கும் செரிக் அமோனியம் நைட்ரேட்டும் வலுவான ஆக்சிஜனேற்றிதான். குரோம் அரித்த அடுத்த நிமிடமே ரெசிஸ்ட்டை நீக்க அசிட்டோனில் முக்குவது செயல்முறையின் வரிசை என்பதால், அந்த இரண்டு கழிவும் ஒரே மேசையில் ஒரு முழத் தூரத்தில் நிற்கும். கேன்களைத் தூர வைப்பது மாணவரின் கவனத்தைச் சார்ந்து இருக்கக் கூடாது. மேசையின் வடிவமைப்பிலேயே கரைப்பான் பெஞ்ச்சும் அமில பெஞ்ச்சும் தனித்தனியாக இருக்க வேண்டும். தங்கத்தை அரிக்கும் அயோடின் கரைசல் அமோனியா கலந்த கழிவோடு சேர்ந்தால் நைட்ரஜன் ட்ரைஅயோடைடு உருவாகும்; ஈரமாக இருக்கும்வரை அமைதி, காய்ந்தபின் இறகு பட்டாலும் வெடி.

ஆகவே ஃபுளோரைடு, ஆக்சிஜனேற்றும் அமிலங்கள், மற்ற அமிலங்கள், காரம், டி.எம்.ஏ.ஹெச்., குளோரின் இல்லாத கரைப்பான், குளோரின் உள்ள கரைப்பான், உலோக எட்சன்ட்டுகள் என்று பிரியும் வழிகள் குறைந்தது எட்டு. ஆக்சிஜனேற்றிகளில் பிரானாவும் நைட்ரிக்கும் செரிக்கும்கூட ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ரெசிஸ்ட் படிந்த துடைப்பான், கையுறை, உடைந்த வேஃபருக்கு வேறு பெட்டிகள். ஃபுளோரைடைக் கண்ணாடியில் வைக்கக் கூடாது, கண்ணாடியையே அரித்துவிடும் என்பது பலருக்கும் தெரியும். கழிவு நீர்த்துப்போனாலும் அந்த விதி மாறாது என்பதைத்தான் மறக்கிறார்கள்.

லேபிளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "பி.ஓ.இ. வேஸ்ட்" என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். எழுதியவருக்கும் அவர் நண்பருக்கும் புரியும். அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போவது ஒப்பந்த ஊழியர். வேதி வாய்பாடோ ஆங்கிலச் சுருக்கமோ அவருக்குப் புரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் படிவம் 8 இதை முன்பே யோசித்திருக்கிறது: மஞ்சள் பின்னணி, நீரில் அழியாத தாள், "அபாயகரக் கழிவு", "கவனமாகக் கையாளவும்" என்ற சொற்கள் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தந்த மாநில மொழியிலும். நம் கேன்களில் தமிழ் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேலும் எழுதுங்கள்: உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் முழுப்பெயர், தோராயச் சதவீதம், ஊற்றத் தொடங்கிய தேதி, பொறுப்பாளர் பெயர், "தோலில் பட்டால் வலி தெரியாது, உடனே கழுவு" என்பது போன்ற ஒரு வரி.

அந்தக் கடைசி வரிக்குக் காரணம் இருக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 50 சதவீதத்துக்கு மேல் என்றால் பட்டதும் வலிக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் வலியும் சிவப்பும் தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைக் கட்டிவிடும். ஃபுளோரைடு கழிவு பெரும்பாலும் நீர்த்த கரைசல். ஆகவே பெஞ்ச்சில் நிற்கும் மாணவரைவிட, கேன் மூடியைச் சரிசெய்யும் ஊழியர்தான் தெரியாமலே அடிபடக்கூடியவர். 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கிளீன்ரூமுக்குள் ஒரு டியூப், கழிவுக் கிடங்கில் ஒரு டியூப் வையுங்கள். காலாவதித் தேதியை யார் பார்ப்பது என்று பெயர் எழுதுங்கள். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, எங்களிடம் இந்த அமிலம் இருக்கிறது என்று முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். அமிலக் காயம் என்றால் சாதாரணத் தீக்காயம் போல் மருந்திட்டு அனுப்பிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. கல்வி நிறுவனம் என்பதால் விலக்கு என்று 2016 விதிகளில் எங்கும் இல்லை. படிவம் 1இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன் வரை உருவாக்கும் சிறிய இடங்களுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். படிவம் 3இல் பதிவேடு, படிவம் 4இல் ஜூன் 30க்குள் ஆண்டு அறிக்கை. அனுப்பும்போது கழிவோடு செல்லும் படிவம் 10: ஏழு நிறங்களில் ஏழு படிகள். பெறும் நிலையம் கையெழுத்திட்டு உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது நீலப் படி. அது வந்து சேரவில்லை என்றால் உங்கள் கழிவு எங்கே இறங்கியது என்று உங்களுக்குத் தெரியாது என்று பொருள். "லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டது" என்பதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கும்மிடிப்பூண்டியில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்கள் தொழிற்சாலைகளின் டன் கணக்கில் பழகியவை. உங்கள் இருபது கேன்களை அவர்கள் எடுப்பார்களா, என்ன சோதனை கேட்பார்கள், குறைந்தபட்சக் கட்டணம் என்ன என்பதை முதல் பாட்டில் வாங்கும் முன்பே எழுத்தில் பெறுங்கள். உள்ளே என்ன என்று தெரியாத கேனை எவரும் எளிதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அது உங்கள் கிடங்கிலேயே தங்கிவிடும்.

இத்தனையும் முடியாது என்று தோன்றினால், முடியாததை விட்டுவிடுங்கள் என்றே சொல்வோம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் பிரானாவும் இல்லாத கிளீன்ரூம் குறைபட்ட கிளீன்ரூம் அல்ல. ஸ்பின் கோட்டிங், லித்தோகிராஃபி, உலோகம் படியவைத்தல், லிஃப்ட்-ஆஃப், அளவீடு ஆகியவற்றை வைத்து ஒரு முழுப் பருவத்துக்கான பாடம் நடத்தலாம். அதில் மிஞ்சுவது கரைப்பானும் டெவலப்பரும்தான்; மூன்று கேன் போதும். ரெசிஸ்ட்டை நீக்கப் பிரானாவை எடுப்பது பல இடங்களில் வெறும் பழக்கம். ஆக்சிஜன் பிளாஸ்மா அந்த வேலையைத் திரவக் கழிவே இல்லாமல் செய்யும். ஆக்சைடு அரிக்க வேண்டிய ஆராய்ச்சி மாணவரைப் பெரிய மையங்களுக்கு அனுப்பலாம்; பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் வெளி மாணவர்களுக்கு நானோ எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகங்களைத் திறந்துவிடும் திட்டம் 2008 முதல் இருக்கிறது.

நீங்கள் கையெழுத்திடும் ரசாயனக் கொள்முதல் படிவத்தில் இப்போது பெயர், தரம், அளவு, விலை என்று நான்கு பத்திகள் இருக்கும். ஐந்தாவதாக "கழிவாகும்போது எந்தக் கேன்", ஆறாவதாக "யார், எப்போது எடுத்துச் செல்வார்" என்று இரண்டு பத்திகளைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். அந்த இரண்டும் காலியாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கிளீன்ரூம்களில் கழிவுக் கேன்களோடு வேலை செய்பவர்கள்